வெள்ளிவிழா வளைவு

சாம்சோ தீவு, டென்மார்க்,
17 ஜனவரி 1971

அன்புள்ள எய்னார்,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் நடமாடிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கிரீன்லாந்துக் குளிரில் சாரத்தில் ஏறி இறங்குகிற கொத்தனாருக்கு அது குறைந்திருக்காது. நான் கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அது இன்னும் பெட்டிக்குள்ளேயே தூங்குகிறதா?

கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டுக் கார்லா கூப்பிட்டாள், போனேன். எல்லோரும் கைகோத்து மரத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டு வரும்போது என் ஒரு கையை அவளும் இன்னொரு கையை அவள் புருஷன் பெடரும் பிடித்துக்கொண்டார்கள். வாத்து வறுவல் காய்ந்துபோயிருந்தது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். புத்தாண்டுப் புயலில் நம் வீட்டு ஓடுகள் பறந்தன. பெடர்தான் ஏணி வைத்து ஏறிச் சரிசெய்தார். நீ அங்கே ஊரார் வீட்டுக்குச் சுவர் எழுப்புகிறாய், இங்கே ஊரார் வந்து உன் வீட்டுக்கு ஓடு போடுகிறார்கள். நல்ல பிழைப்பு நம்முடையது.

இப்போது முக்கியமான விஷயம். நேற்று கார்லா காபிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தை அப்பாவி போல வைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்த வருஷம் செப்டம்பர் ஏழு செவ்வாய்க்கிழமை வருது, எல்னா. சும்மா சொன்னேன். வேற ஒண்ணுமில்ல."

நமக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறது, எய்னார். தெரு முழுக்க வந்து வாசலில் ஊசியிலைக் கிளைகளால் வளைவு கட்டும். விடிகிற நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே நின்று பாடும். நாம் இருவரும் தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்து, எதுவுமே தெரியாதவர்கள் போல வாயைப் பிளந்து நிற்க வேண்டும். அப்புறம் எல்லோருக்கும் சுடச்சுட ரொட்டி கொடுக்க வேண்டும். அந்த ரொட்டி எப்படித் தயாராக இருந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கார்லா வீட்டு வளைவுக்கு நீதானே ஆணி அடித்தாய்? எத்தனை வீட்டுக்குக் கிளை வெட்டியிருக்கிறோம்! இப்போது நம் முறை.

ஒரு வருஷ வேலை என்று போனாய். போன கோடையில் ஒரு மாதம் வந்து தலையைக் காட்டிவிட்டுத் திரும்பவும் போனாய். ஆகஸ்ட் கடைசிக்குள் வந்துவிடு. பதில் போடு.

உன் எல்னா


ஹோல்ஸ்டைன்ஸ்போர், கிரீன்லாந்து,
2 மார்ச் 1971

என் எல்னாவுக்கு,

உன் கடிதம் தாமதமாகத்தான் கிடைத்தது. மூடுபனி வந்தால் விமானம் இறங்காது, வந்த தபால் எங்கேயோ கிடக்கும். என் உடம்புக்குக் குறைவில்லை. முழங்காலும் என்னோடுதான் இருக்கிறது. தைலம் தீர்ந்துவிட்டது, பாதியை அறைக்கூட்டாளி தேய்த்துவிட்டான். நீ குளிரில் வெறுங்காலோடு கோழிக்கூண்டுக்குப் போகாதே.

இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. கலவை உறைந்துபோகாமல் இருக்க அதற்கும் அடுப்பு மூட்டி வைக்கிறோம். நாய்கள் ஒன்று தொடங்கினால் ஊர் முழுக்க ஊளையிடுகின்றன. மேஸ்திரி நல்ல மனிதர். பள்ளிக்கூடக் கட்டடம் முடிகிறவரை யாரும் நகரக்கூடாது என்கிறார். பெடருக்கு என் நன்றியைச் சொல். மேற்குப் பக்கத்து ஓடுகளை மட்டும் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், அவருக்கு அது சரியாக வராது.

செப்டம்பர் என்பது இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருக்கிறது. பார்க்கலாம்.

அன்புடன்,
எய்னார்


சாம்சோ,
28 மார்ச் 1971

அன்புள்ள எய்னார்,

எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. உனக்கு அங்கே ஒன்றும் பிடிக்காமல் இருக்க வேண்டும்.

நீ எழுதிய "பார்க்கலாம்" என்ற சொல்லை மேசைமேல் வைத்துக்கொண்டு நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு கார்லாவிடம் என்ன சொல்வது? போன வாரம் அவள் நூற்கயிறு ஒன்றை எடுத்து வந்து நம் வாசல்கதவின் அகலத்தை அளந்துகொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"என்னடி அளக்குற?"

"ஒண்ணுமில்லடி. உங்க கதவு பெருசா எங்க கதவு பெருசான்னு அவரு கேட்டாரு."

"இத்தனை வருஷமா எதிர்ல உக்காந்து பாத்துட்டுதான இருக்காரு?"

"ஆம்பளைங்களுக்கு எதாவது கண்ணுல படுதா? நீ உள்ள போ, எல்னா. நீ என்னைப் பாக்கவே இல்ல."

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். உள்ளே போய் உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை. காய்கறி டப்பா ஆலையில் நாள் முழுக்கச் சிவப்பு முட்டைக்கோஸ் நறுக்கிவிட்டு வருகிறேன். நகத்துக்குள்ளே ஊதா நிறம் போகவே மாட்டேன் என்கிறது. வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, களைப்பாக இருக்கிறது என்று சொல்கிறேன். நீ வருவாயா மாட்டாயா என்பது தெரிந்தால் அந்தக் களைப்பில் பாதி போய்விடும்.

உன் எல்னா


ஹோல்ஸ்டைன்ஸ்போர்,
9 மே 1971

என் எல்னாவுக்கு,

சளி போய்விட்டதா? தேன் போட்டுப் பால் குடி. இங்கே இப்போது வெளிச்சம் நீண்டுகொண்டே போகிறது, ஜன்னலில் கம்பளியை மாட்டினால்தான் தூக்கம். நான் நலம்.

உன்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். இங்கே கூட வேலை செய்கிற ஒருவன் வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது. இங்கே கடையில் கிடைக்கிறது எதுவும் சரியில்லை. உன் பின்னல் போல வருமா? சின்னதாக ஒரு தொப்பி, கூடவே காலுறை. வெள்ளைக் கம்பளியாக இருந்தால் நல்லது. அவசரமில்லை, ஜூன் பாதிக்குள் கிடைத்தால் போதும்.

வேலை அதிகம். இத்துடன் நிறுத்துகிறேன்.

எய்னார்


சாம்சோ,
6 ஜூன் 1971

அன்புள்ள எய்னார்,

எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்; உன் கடிதத்தைப் பார்த்து அதற்கு மேல் நினைக்க வழியில்லை.

தொப்பியும் காலுறையும் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன. ஆலையில் இருந்து வந்தபின் சாயங்காலங்களில் பின்னினேன். பெற்றவன் பெயரை எழுதியிருந்தால் ஓரத்தில் எழுத்துப் போட்டிருப்பேன். நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. சின்னக் காலுறை பின்னி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. குதிகால் திருப்புவது மறந்துபோய் இரண்டு முறை பிரித்தேன். பிறகு கை தானாகவே நினைவுபடுத்திக்கொண்டது.

புது உருளைக்கிழங்கு தோண்டியாகிவிட்டது. வெண்ணெயும் உப்பும் போட்டு ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டேன், அந்த நேரம் மட்டும் யார்மேலும் கோபம் இல்லை. நேற்று அரசியலமைப்பு நாள், ஊர் முழுக்கக் கொடி ஏறியிருந்தது. நம் கம்பத்துக் கயிறு இற்றுப்போய் பாதியிலேயே நின்றுவிட்டது. பாதிக் கம்பத்தில் கொடியைப் பார்த்துவிட்டு லவ்ரிட்ஸ் சைக்கிளை விட்டு இறங்கி ஓடி வந்தார். அவர்தானே ஊரில் எல்லா வீட்டு விசேஷத்துக்கும் அக்கார்டியன் வாசிக்கிறவர், துக்கத்துக்கும் முதலில் வருகிறவர்.

"யாரு போயிட்டாங்க எல்னா? எய்னாரா?"

"கயிறு போயிடுச்சு லவ்ரிட்ஸ்."

"நல்லவேளை! செப்டம்பருக்கு நான் பாட்டெல்லாம்..." என்று தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டார். இந்த ஊரில் ரகசியம் காப்பாற்றுகிற அழகே அழகு.

மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். வருகிறாயா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று போதும்.

உன் எல்னா


சாம்சோ,
18 ஜூலை 1971

எய்னார்,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது வழக்கம். கேட்டுவிட்டேன்.

பொட்டலம் வந்து சேர்ந்ததா என்றுகூட ஒரு வரி வரவில்லை. விமானத்தைக் குறை சொல்லாதே. இந்த மாதம் அங்கே வானம் தெளிவாகத்தான் இருக்கிறது, வானொலியில் சொல்கிறார்கள்.

நேற்று ஆலையில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தபோது திடீரென்று என் கை நின்றுவிட்டது. இந்த இருபத்தைந்து வருஷத்தில் நீ யார் வீட்டுக் குழந்தைக்காவது எதையாவது கேட்டிருக்கிறாயா? உன் சொந்தத் தங்கை பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றபோது பரிசு என்னவென்று கூட நீ கேட்கவில்லை. வெள்ளைக் கம்பளியாக இருந்தால் நல்லது என்று எழுதினாயே, அந்த வரியை நீ எழுதவில்லை. உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரோ சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பொய் எழுதாதே. அந்தத் தொப்பி உன் பிள்ளைக்கா?

எல்னா


ஹோல்ஸ்டைன்ஸ்போர்,
1 ஆகஸ்ட் 1971

எல்னா,

தொப்பி சரியாக இருக்கிறது.

நீ நலமா என்று கேட்க எனக்கு இனி வாயில்லை, ஆனாலும் கேட்கிறேன். பெண் குழந்தை. ஜூன் இருபதாம் தேதி பிறந்தாள். அவள் அம்மா பெயர் நாயா, மீன் பதனிடுகிற இடத்தில் வேலை. நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று எழுதினால் நீ சிரிப்பாய். இந்த ஊர்க் குளிர்காலம் நீளமானது, அதை ஒரு காரணமாகச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் என்னை அப்பா என்று சொல்ல ஒரு ஆள் வந்திருக்கிறது. விட்டுவிட்டு வர என்னால் முடியாது.

உன்னை ஊர் முன்னால் தலைகுனிய வைக்கமாட்டேன். ஒரு யோசனை சொல்கிறேன், கேள். செப்டம்பர் ஆறாம் தேதிக் கப்பலில் வந்துவிடுகிறேன். காலையில் உன்னோடு கதவைத் திறக்கிறேன், வளைவுக்குக் கீழே நிற்கிறேன், பெடரோடு ஒரு கோப்பை குடிக்கிறேன். ஒரு வாரம் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறேன். அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். நாம்தான் ஒன்றும் தெரியாததுபோல நிற்கப் பழகியவர்கள் ஆயிற்றே.

நாயாவுக்கும் இது தெரியும். சரி என்று ஒரு வார்த்தை எழுது, டிக்கெட் எடுக்கிறேன்.

எய்னார்


சாம்சோ,
22 ஆகஸ்ட் 1971

எய்னார்,

குழந்தைக்குத் தாய்ப்பால் போதுமான அளவு இருக்கிறதா? அந்தக் குளிரில் அதுதான் முக்கியம். இதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது, இருந்தாலும் கேட்கிறேன். அது என்ன பாவம் செய்தது?

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம், சரி என்று எழுதிவிடுவேனோ என்று என்மேலேயே பயம். உன் கறுப்புக் கோட்டை எடுத்து வெயிலில் காயப்போட்டேன். ஒரு வாரம் நடித்தால் போதும், அதன்பின் எல்லாம் அதுவாகவே நடந்துவிடும் என்று நினைத்தேன். உன்னோடு வாழ்வதைவிட உன்னோடு நடிப்பது என்ன பெரிய கஷ்டம் என்றுகூட நினைத்தேன். போன கோடையில் நீ வந்து ஒரு மாதம் இருந்தாயே, அப்போது நாம் என்ன பேசிக்கொண்டோம் என்று யோசித்தேன். மேற்குப் பக்கத்து ஓடுகளைப் பற்றிப் பேசினோம்.

வராதே. எனக்கு நடிக்கத் தெம்பில்லை. கோட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

கார்லாவிடம் சொல்லி நிறுத்திவிடலாம் என்று மூன்று முறை அவள் சமையலறைக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் காபி ஊற்றிக் கொடுக்கிறாள். பின்னறையில் வெள்ளிக் காகிதத்தில் எண்களை வெட்டிக்கொண்டிருக்கிறாள். நான் போனால் துணியைப் போட்டு மூடிவிட்டு, "அந்தப் பக்கம் பாக்காத, அங்க பூனை குட்டி போட்டிருக்கு" என்கிறாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். சொல்லத் தெரியாமல் இல்லை. சொன்ன பிறகு அவள் என்னை ஆறுதல் சொல்லிக் கட்டிப்பிடிப்பாள், அதைத் தாங்க வேண்டுமே என்றுதான்.

எப்படியும் ஒரு வழி பண்ணுகிறேன். உனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

எல்னா


ஹோல்ஸ்டைன்ஸ்போர்,
30 ஆகஸ்ட் 1971

எல்னா,

உன் கடிதம் கிடைத்தது. நான் வரவில்லை. நீயே போய்ச் சொல்ல வேண்டாம், நானே பெடருக்கு எழுதிவிடட்டுமா? தவறு என்னுடையது என்று எழுதுகிறேன். நீ சரி என்றால் உடனே எழுதுகிறேன். நன்றாகத் தூங்கு, உடம்பைப் பார்த்துக்கொள்.

எய்னார்


சாம்சோ,
12 செப்டம்பர் 1971

எய்னார்,

பெடருக்கு எழுதட்டுமா என்று நீ கேட்ட கடிதம் ஒன்பதாம் தேதி கையில் கிடைத்தது. உன் பொறுப்புணர்ச்சி எப்போதும் இப்படித்தான், எல்லாம் முடிந்த பிறகு வந்து கதவைத் தட்டும். இங்கே என்ன நடந்தது என்பதை யார் வாய் மூலமாவது நீ அரைகுறையாகக் கேட்பதைவிட நானே எழுதிவிடுகிறேன்.

கடைசிவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆறாம் தேதி மாவைப் பிசைந்து வைத்துவிட்டேன். என்ன ஆனாலும் வருகிறவர்களுக்குப் பசிக்கும் அல்லவா? விடிவதற்கு முன்பே எழுந்து ரொட்டியை அடுப்பில் வைத்தேன். வழக்கப்படி இரவு உடையில் இருக்க வேண்டும். நான் தலைவாரி, நீல உடுப்பை உடுத்திக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஏணி இழுக்கிற சத்தம், கிளை உரசுகிற சத்தம். "மெதுவா அடிங்கய்யா, உள்ள தூங்குறாங்க!" என்று பெடர் போட்ட கத்தலில் துறைமுகத்தில் இருக்கிற கப்பலே விழித்திருக்கும். பிறகு லவ்ரிட்ஸ் அக்கார்டியனை ஒரு இழுப்பு இழுத்தார். எல்லோரும் பாடத் தொடங்கினார்கள்.

முதல் பாட்டு முடிகிறவரை நாற்காலியிலேயே இருந்தேன். இரண்டாவது பாட்டில் கதவைத் திறந்தேன்.

எல்லாருடைய கண்ணும் எனக்குப் பின்னால் போனது. பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. லவ்ரிட்ஸ் மட்டும் நிறுத்தவில்லை. தொடங்கிய பாட்டைப் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் வாசித்து முடிக்கிறவரை நாங்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றோம்.

கார்லாதான் கேட்டாள். "எய்னார் இன்னும் எந்திரிக்கலையா? நேத்துக் கப்பல்ல வந்திருப்பாருன்னு நெனச்சோமே."

"எய்னார் வரல கார்லா. இனிமே வரமாட்டான். அங்க அவனுக்கு வேற ஒருத்தி இருக்கா, பொம்பளப்புள்ள பொறந்திருக்கு. ரொட்டி சூடா இருக்கு, எல்லாரும் உள்ள வாங்க."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது கோபமும் இல்லை. நாள் முழுக்கச் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தால் தோள் வலிக்குமே, அந்த வலிதான்.

பெடர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திருகினார். முகமெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"எல்னா, எங்களுக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. இதை... இதைப் பிரிச்சிடவா?"

அப்போதுதான் வளைவை நிமிர்ந்து பார்த்தேன். கிளைகளை நெருக்கமாகக் கட்டி, நடுவில் வெள்ளிக் காகிதத்தில் இருபத்தைந்து என்று ஒட்டியிருந்தார்கள். இந்தத் தெருவில் இவ்வளவு நேர்த்தியாக ஒன்று கட்டி நான் பார்த்ததில்லை. பிரித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வேண்டாம், பெடர்," என்றேன். "இருக்கட்டும். இருபத்தஞ்சு வருஷமும் நான் இங்கதான இருந்தேன்."

கார்லா முதலில் முன்னால் வந்தாள். கட்டிப்பிடிக்கப்போகிறாள் என்று பயந்தேன். அவள் கையை நீட்டினாள். "அப்ப வாழ்த்துகள்டி, எல்னா," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவளுக்குப் பின்னால் பெடர், அவருக்குப் பின்னால் அக்கார்டியனை முதுகுக்குத் தள்ளிவிட்டு லவ்ரிட்ஸ், பிறகு தெரு முழுக்க, வரிசையாக வந்து, ஒவ்வொருவரும் என் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொல்லிவிட்டு வளைவுக்குக் கீழே நுழைந்து உள்ளே போனார்கள். நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். கசப்புச் சாராயப் புட்டி ஒன்று காலியானது. பெடர்தான் அழுதார், ரொட்டியை மென்றுகொண்டே.

எல்லோரும் போனதும் ஆலைக்கு ஆள் அனுப்பி விடுப்புச் சொல்லிவிட்டுப் படுத்தேன். நீ போன நாளிலிருந்து சுவரோரமாக ஒதுங்கியே படுத்து வந்திருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை. அன்று கட்டிலின் நடுவில் படுத்தேன். சாயங்காலம்வரை தூங்கினேன்.

உன் கருவிப் பெட்டியை அடுத்த கப்பலில் அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை.

எல்னா